சோதனைக்கு வைத்த பெயர்

பெரியவர் என்று நாங்கள் சொன்னது ஒரு கொம்பியூட்டரை.

கண்டி நகரில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே, ஒடுங்கிய படிகளில் ஏறிப் போனால் வரும் இரண்டு அறைகள்தான் எங்கள் அலுவலகம். ஹோட்டல்களுக்கும் பாடசாலைகளுக்கும் இணையத்தளம் செய்து கொடுப்போம். மற்ற மெசின்கள் எல்லாம் புதியவை. யன்னலோரம், தொப்பை வைத்த பழைய திரையோடு பெரியவர் மட்டும் தனியாக இருந்தார். அவருக்குள் இருந்த பிரவுசர் எட்டு வருடம் பழையது. அவரை எழுப்பிவிட்டுப் போய் ஒரு தேத்தண்ணி குடித்து வரலாம். வந்து பார்த்தால் அப்போதுதான் கண் திறந்திருப்பார்.

அவருக்கு முன்னால் இருந்த கதிரை லீலாதேவி அக்காவுடையது.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது 2008இல், பேராதனையில் பட்டம் எடுத்த கையோடு. அலவத்துகொடவில் எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். பட்டமளிப்புப் படத்தை வாப்பா சட்டம் போட்டு, வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படும்படி மாட்டியிருந்தார். அந்தப் பெருமையோடுதான் நான் தினமும் மாத்தளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கண்டிக்கு வந்தேன். அக்கா படித்தது பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரை. தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து கண்டிக்கு வந்து, போட்டோக்கொப்பிக் கடையில் நின்று, தட்டச்சு பழகி, பிறகு பாதி அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு இணையப் பக்கம் எழுதப் பழகினவர். வயது நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. மஹய்யாவையில் டொரதி என்ற பாடசாலை எழுதுவினைஞரின் வீட்டில் ஓர் அறையில் இருந்தார். சம்பளத் தாளில் எஸ். லீலாதேவி என்று இருக்கும். அந்த எஸ் யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அவருடைய வேலை, நாங்கள் செய்கிற ஒவ்வொரு பக்கத்தையும் பெரியவரில் திறந்து பார்ப்பது. எங்கள் புதிய மெசின்களில் அழகாகத் தெரிகிற பக்கம் அங்கே போனால் கோலம் கெட்டுவிடும். எழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஒரு சொல் தன் பெட்டியைவிட அகலமாக இருந்தால், அந்தப் பழைய பிரவுசர் பெட்டியை ஊதிப் பெருப்பிக்கும். பக்கத்துப் பெட்டி இடமில்லாமல் கீழே விழும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இது குறைவு. தமிழ் எழுத்துக்கள் அகலமானவை, தமிழ்ப் பெயர்கள் நீளமானவை.

"இந்தக் கிழட்டு பிரவுசர இன்னும் யாரக்கா பாவிக்கிறாங்க?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"குட்செட் பஸ் ஸ்டாண்டடியிலை இருக்கிற நெட் பாக்கிற கொமியூனிகேஷன் கடை எல்லாத்துக்கும் போய்ப் பாரும். எல்லா இடத்திலையும் பெரியவரின்ரை சகோதரங்கள்தான் இருக்கினம். வவுனியாவிலை இன்னும் மோசம். புது மெசின் வச்சிருக்கிறவனுக்கு எங்கடை பக்கம் தேவைப்படாது, தம்பி. தேவைப்படுறவனிட்டைப் புது மெசின் இல்லை."

ஒவ்வொரு பக்கத்தையும் சோதிக்கும்போது அக்கா முதல் வரியில் ஒரே பெயரைத்தான் போடுவார். ஸ்ரீஸ்கந்தராசா யோகேந்திரன். அந்தப் பெயர் உடையாமல், மறையாமல், பக்கத்துப் பெட்டியைத் தள்ளாமல் நின்றால்தான் பக்கம் வெளியே போகும்.

"யாரக்கா இந்த யோகேந்திரன்? மாப்பிள்ளையா?"

"ஓம். பெரியவருக்குப் பாத்த மாப்பிள்ளை. என்ன செய்தாலும் பெட்டிக்குள்ளை அடங்கமாட்டன் எண்டு நிக்கிறார்."

எங்கள் முதலாளி கிளறன்ஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். நீளத்துக்காக எங்கேயோ பொறுக்கின பெயர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

2009 பெப்ரவரியில் கொழும்பிலிருந்து ஒரு சிறிய நிவாரண அமைப்பு எங்களிடம் ஒரு வேலை தந்தது. வன்னியிலிருந்து யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்களின் பெயர்ப் பட்டியல். யார், என்ன வயது, எந்த முகாமில் அல்லது எந்த ஆஸ்பத்திரியில். மூன்று மொழியிலும் வேண்டும். புதிய பெயர்கள் செவ்வாய்க்கிழமைதோறும் வரும். அந்தப் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் வழமைப்படிதான் இருந்தன. தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். சிங்களப் பக்கத்திலும் ஆங்கிலப் பக்கத்திலும் தகப்பன் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடும். தமிழ்ப் பக்கத்தில் முழுதாக நிற்கும்.

அக்கா அந்த வேலையை யாருக்கும் விடவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைக்கூட அவிழ்க்கமாட்டார். பட்டியல் வந்தவுடன் முதலில் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வாசிப்பார். பிறகுதான் வேலை. நாங்கள் அதைக் கவனம் என்று நினைத்தோம்.

நீளமான பெயர்களை அவர் இரண்டு வரியாக மடித்துவிட்டார். மடிந்த இடத்தில் அந்த வரிசை உயரும், மற்றது பதிந்திருக்கும். பார்க்க மேடு பள்ளமாக இருந்தது. கொழும்பு அலுவலகத்தில் ஒருவர், சிங்களப் பக்கம் போலத் தமிழ்ப் பக்கமும் ஒரே சீராக வேண்டும் என்று எழுதினார்.

"வடிவில்லாட்டிப் பரவாயில்லை எண்டு எழுதிவிடுங்கோ சேர்," என்று அக்கா கிளறன்ஸிடம் சொன்னார். "முழுசாத் தெரியட்டும்."

"லீலா மிஸ், கஸ்டமருக்கு அப்பிடியெல்லாம் எழுத ஏலாதுங்க."

"அப்ப நான் எழுதிறன்."

அவர் எழுதினாரோ தெரியாது. மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை அவர் வேலைக்கு வரவில்லை.

வரும் வழியில் காவலரணில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் கிளிநொச்சி. அது அவருக்குப் பழகின தொல்லை. பொலிஸில் பதிந்த துண்டை எடுத்து நீட்டியிருக்கிறார். ஆனால் பையைத் திறந்தபோது உள்ளே ஆறு தாள் இருந்தது. தமிழில் அச்சடித்த பெயர்கள், வயதுகள், முகாம்கள். முந்தின வாரப் பட்டியல். சில பெயர்களுக்குக் கீழே பென்சிலால் கோடு.

"மே மொனவாத?" இவை என்ன என்று கேட்டிருக்கிறான் காவலுக்கு நின்றவன். அக்காவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். விளக்கிச் சொன்னார். ஒரு பெண் எதற்காக இத்தனை வன்னிப் பெயர்களைக் காவிக்கொண்டு திரிகிறாள் என்பது அந்த மார்ச் மாதத்தில் யாருக்கும் விளங்கக்கூடிய விஷயமில்லை. கொண்டுபோய்விட்டார்கள்.

கிளறன்ஸ் அன்று பின்னேரம் கடிதம் ஒன்று எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போனார். அவர் செய்யும் வேலைதான் அது, நாங்கள் பொறுப்பு என்று எழுதியிருந்தார். நல்ல மனிதர். ஆனால் எண்பத்து மூன்று கலவரத்தில் தகப்பனின் கடை எரிந்ததைப் பன்னிரண்டு வயதில் நின்று பார்த்தவர். திரும்பி வந்ததும் முதலில் கதவைச் சாத்தினார்.

"இங்கயும் வந்து பார்ப்பாங்களாம். தம்பி, மிஸ்ஸோட சாமான் எதுவும் மெசின்ல இருக்கப்படாது. எல்லாத்தையும் எடுத்துருங்க."

"பட்டியல் வேலைய?"

"அது கஸ்டமரோடது. அத நீங்க பாருங்க. நீங்கதானே டிகிரிக்காரர்."

அக்காவின் கோப்புகளை அழித்தேன். சோதனைப் பக்கத்தின் முதல் வரியில் ஸ்ரீஸ்கந்தராசா யோகேந்திரன் நின்றார். யாரும் வந்து, இவர் யார் என்று கேட்டால் என்ன சொல்வது? அதையும் அழித்துவிட்டு என் பெயரைப் போட்டேன். சாஹுல் ஹமீது.

பிறகு பக்கத்தைச் சீராக்கினேன். பழைய பிரவுசருக்கு மட்டும் தனியாக ஒரு சட்டம் எழுதினேன். எல்லா வரிசையும் ஒரே உயரம், அந்த உயரத்துக்கு மிஞ்சினது எதுவானாலும் மறை. பெரியவரை எழுப்பி முதலாம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சாஹுல் ஹமீது ஒரே வரியில் அழகாக உட்கார்ந்திருந்தார். கீழே அகரத்தில் தொடங்கும் பெயர்கள். அந்தோனி மேரி, அருளப்பு ராஜன், எல்லாம் அளவாக நின்றன. கோடு போட்ட கொப்பி மாதிரி இருந்தது. சில நாளில் கொழும்பிலிருந்து பாராட்டி எழுதினார்கள். அந்தக் கடிதத்தை வாப்பாவுக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன்.

நான் அந்தச் சட்டத்தை எழுதினதற்கு அடுத்த நாள் செவ்வாய். புதுப் பட்டியல் வந்தது. எழுநூற்றுக்கு மேல் பெயர். ஏற்றிவிட்டேன். வாசிக்கவில்லை. வாசிப்பதும் அந்த வேலையில் சேர்த்தி என்று எனக்குத் தெரியாது.

அதற்கு அடுத்த வாரம் புதன்கிழமை காலை ஒரு பெண் படியேறி வந்தார். சாம்பல் சாரி, கையில் குடை, கழுத்தில் சின்னச் சிலுவை. கிளறன்ஸ் வங்கிக்குப் போயிருந்தார்.

"தம்பி, நான் டொரதி. லீலா எங்க வீட்லதான் இருக்காங்க."

எழும்பிக் கதிரை கொடுத்தேன். அவர் உட்காரவில்லை.

"நேத்து சாப்பாடு குடுக்க விட்டாங்க. அஞ்சு நிமிசம் பேசினேன். பக்கத்துலயே ஒரு பொலிஸ் பொம்பள நின்னுச்சு. உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லச் சொன்னாங்க. எனக்கு அது ஒண்ணும் விளங்கல. அப்பிடியே சொல்றேன். பட்டியலப் பெரியவர்ல பாக்கணுமாம். ரெண்டாவது வரி நிக்குதான்னு பாக்கணுமாம்."

உள்ளே இருந்துகொண்டும் என் வேலையில் பிழை பிடிக்கிறாரே என்று பட்டது. நான்கு வருடம் படித்து வந்தவனுக்கு, சாதாரண தரத்தோடு நின்றவர் கம்பிக்குள்ளிருந்து ஆள் அனுப்பிப் பாடம் சொல்கிறார்.

"பாத்துட்டேன் அக்கா. வாங்க, நீங்களே பாருங்க." பெரியவரை எழுப்பினேன். முதலாம் பக்கம் வந்தது. "இந்தா, என்ட பேர். இதுக்குக் கீழ மத்தவங்கட. ஒண்டும் உடையல்ல, ஒண்டும் விழல்ல. எல்லாம் சரியா ஈக்கி."

டொரதி குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"பின்னுக்கு உள்ள பக்கத்தையும் பாக்கலாமா தம்பி?"

"எல்லாப் பக்கத்துக்கும் ஒரே சட்டம்தான் அக்கா. ஒண்டு சரியெண்டா எல்லாம் சரி."

ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. "சரி தம்பி, கர்த்தர் உங்களப் பாத்துக்குவாரு," என்று சொல்லிவிட்டுக் குடையை ஊன்றிப் படியிறங்கினார்.

அவர் சொல்லாமல் விழுங்கினது என்னவென்று எனக்குப் பிறகுதான் தெரியும். யோகேந்திரன் அக்காவின் ஒரே தம்பி. அக்காவுக்குப் பன்னிரண்டு வயது இளையவன். தாய் போன பிறகு தூக்கி வளர்த்தது அக்காதான். ஊரை விட்டு வரமாட்டேன் என்று தகப்பனோடு நின்றவன், தகப்பன் செத்த பிறகும் அங்கேயே நின்றுவிட்டான். நவம்பர் மாதம் ஒரு தொலைபேசி. அதற்குப் பிறகு இல்லை. வன்னியில் ஒரு தம்பி இருக்கிறான் என்று கண்டியில் வாய் திறந்து சொன்னால் வேலையும் அறையும் இருக்காது என்று, டொரதி ஒருவரைத் தவிர எவரிடமும் அக்கா அதைச் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தில் அந்தப் பெயரை உச்சரிக்கவே கூடாது என்று டொரதியிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். ஐந்து வருடமாக ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தம்பியின் பெயரை எழுதி, உடையாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர் எங்களிடம் அதை மாப்பிள்ளை என்று சொல்லிச் சிரித்தார்.

அக்கா உள்ளே போன பிறகு பட்டியலைப் பார்க்கும் வேலையை டொரதி எடுத்துக்கொண்டார். தன் ஒழுங்கைக்குக் கீழே இருந்த கொமியூனிகேஷனில், பெரியவரின் சகோதரம் ஒன்றில், தமிழ்ப் பக்கத்தில் பெயரை மட்டும் தேடினார். ஸ்ரீஸ்கந்தராசா என்று மூன்று வரிசை இருந்தது. யோகேந்திரன் என்று ஒன்றுமில்லை. டொரதியின் ஆட்களுக்குள் சொந்தப் பெயர் முன்னால் வரும். அதனால் ஸ்ரீஸ்கந்தராசா என்ற மூன்று பேர் வந்து சேர்ந்திருக்கிறார்கள், தம்பி அவர்களில் இல்லை என்று நினைத்தார். சாப்பாடு கொடுக்கப் போனபோது, பொலிஸ் பெண் கேட்டுக்கொண்டு நிற்க, "உங்க அப்பா பேருல மூணு பேர் இருக்காங்க. மத்தது இல்ல," என்று மட்டும் சொன்னார்.

தகப்பன் பெயரோடு மட்டும் ஒருவரும் அந்தப் பட்டியலுக்குள் வரமாட்டார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். இரண்டாவது வரி மறைந்துவிட்டது என்பதை, திரையைப் பார்க்காமலே, சோற்றுப் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு விளங்கிக்கொண்டார். அதைத்தான் சொல்லி அனுப்பினார். நான் என் பெயரைக் காட்டி ஆளைத் திருப்பி அனுப்பினேன்.

பதினைந்தாம் நாள், திங்கட்கிழமை, விட்டுவிட்டார்கள். குற்றம் எதுவும் இல்லை என்று ஒரு துண்டு கொடுத்திருந்தார்கள். அவர் வீட்டுக்குப் போகவில்லை. போன அன்று உடுத்த அதே சாரியோடு நேரே படியேறி வந்தார். முகம் வற்றியிருந்தது.

கிளறன்ஸ் எழும்பினார். "லீலா மிஸ், வாங்க. உக்காருங்க. டீ ஒண்ணு..."

"வாறன் சேர். ஒரு நிமிசம்."

பெரியவரின் முன்னால் போய் உட்கார்ந்தார். கண் திறக்கும்வரை மடியில் கையைக் கோத்துக்கொண்டு இருந்தார். பட்டியலின் கடைசிப் பக்கத்துக்குப் போனார். நான் பின்னால் நின்று பார்த்தேன்.

ஸ்ரீஸ்கந்தராசா.
ஸ்ரீஸ்கந்தராசா.
ஸ்ரீஸ்கந்தராசா.

மூன்று வரிசையும் கோடு போட்ட கொப்பி மாதிரிச் சீராக இருந்தன. மூன்று தகப்பன்மாரும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தின் உள்ளே எழுதியிருந்ததைத் திறந்தார். மறைத்த வரிகள் அங்கே முழுதாகக் கிடந்தன. முதலாவது கலைவாணி. இரண்டாவது யோகேந்திரன். வயது இருபத்தொன்பது. வயிற்றில் காயம். வவுனியாவில் ஓர் ஆஸ்பத்திரி, வார்டின் இலக்கம். ஏற்றிய திகதி இரண்டு கிழமைக்கு முந்தின செவ்வாய். அதாவது நான் ஏற்றினது.

"கிளறன்ஸ் சேர், போனிலை ஒரு கோல் எடுக்கவோ?"

வவுனியாவில் அவருடைய சின்னம்மா இருந்தார். அந்த ஆஸ்பத்திரிக்கு முச்சக்கர வண்டியில் பத்து நிமிடம். கண்டியிலிருந்து அக்கா போவதென்றால் பாஸ், கடிதம், தடை எல்லாம் உண்டு. சின்னம்மாவுக்கு ஒன்றுமே வேண்டாம். ஒரு கோல் போதும். அது இரண்டு கிழமையாக எடுக்கப்படாமல் இருந்தது.

சின்னம்மா போய்ப் பார்த்துவிட்டு ஒரு மணித்தியாலத்தில் திரும்ப எடுத்தார். அந்தக் கட்டிலில் வேறு ஆள் இருந்தார். யோகேந்திரன் வெள்ளிக்கிழமை விடியப்புறம் கண்ணை மூடிவிட்டானாம். டொரதி எங்கள் படியேறி வந்தது புதன்கிழமை காலை. பக்கத்துக் கட்டில்காரர் சின்னம்மாவிடம் சொன்னாராம், பார்க்க ஆட்களை விடுகிற நேரம் வந்தால் அந்தப் பொடியன் சேர்ட்டை உதறிப் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பான் என்று.

அக்கா தொலைபேசியை வைத்தார். கிளறன்ஸ் ஏதோ செபம் மாதிரி முணுமுணுத்தார். யாருடைய தம்பி என்று அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"அக்கா," என்றேன்.

"சட்டத்தை எடுத்துவிடும் தம்பி," என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. "மறைக்கிற அந்த ஒரு வரியை எடுத்தாக் காணும். இண்டைக்கே எடும். இன்னும் எத்தினை பேர் பாத்துக்கொண்டிருக்கினமோ தெரியாது."

எடுத்தேன். பட்டியல் மேடும் பள்ளமுமாகத் திரும்பி வந்தது. மறைந்துகிடந்த பெயர்களை அன்று பின்னேரம் எண்ணிப் பார்த்தேன். நூற்றுப் பதினாறு. அவர்களைத் தேடி யார் யார் எந்தக் கடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இல்லை என்று எழும்பிப் போனார்கள் என்பதை எண்ண வழியில்லை.

கிளறன்ஸ் அலைந்து கடிதங்கள் எடுத்துக் கொடுத்து அக்காவை வவுனியாவுக்கு அனுப்பினார். எட்டு நாள் கழித்து வந்தார். எங்கே புதைத்தார்கள் என்பதை மட்டும் அறிந்து வந்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கும்போது, "உம்மடை பேர் சின்னன் தம்பி, அதாலை உமக்குத் தெரியேல்லை," என்று மட்டும் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, குற்றமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. அந்தப் பாராட்டுக் கடிதத்தைப் பற்றி அவர் இன்னும் பள்ளிவாசலில் பேசிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் நடுப்பகுதியில் கொழும்பிலிருந்து இன்னொரு கோப்பு வந்தது. நீக்க வேண்டிய பெயர்கள். இறந்தவர்கள். நான் செய்கிறேன் என்று கையை நீட்டினேன். அக்கா கோப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முப்பத்தொரு பெயர். ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து நீக்கினார். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோதும் அவருடைய கை நிற்கவில்லை. மூன்று ஸ்ரீஸ்கந்தராசாக்களில் நடுவில் இருந்தவர் போனார். மேலும் கீழும் இருந்தவர்கள் கிட்ட வந்து சேர்ந்தார்கள்.

பிறகு சோதனைப் பக்கத்தைத் திறந்தார். முதல் வரியில் என் பெயர் இருந்தது. அதை அழித்துவிட்டு, தட்டச்சுப் பலகையைப் பார்க்காமலே அடித்தார். ஸ்ரீஸ்கந்தராசா யோகேந்திரன்.

பெரியவரில் அது இரண்டு வரியாக மடிந்து நின்றது. அக்கா இரண்டாவது வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நிக்குது," என்றார். "அடுத்த பக்கத்தைத் தாரும்."